பற்றாத சுட்டு

நவம்பர் கடைசியில் ட்ரோம்சோ நகரத்துக்குச்
சூரியன் வருவதை நிறுத்திக்கொள்ளும்.
அந்த வாரம்தான்
கல்லறை அலுவலகத்தின் சர்வர்
மூன்று நாளுக்கொருமுறை சாகத் தொடங்கியது.
எட்டு ஜிபி நினைவகத்தைப் பதினாறாக்கினார்கள்.
ஆறு நாளுக்கொருமுறை செத்தது.

"கசிகிறது" என்றாள் ஸோல்ஃப்ரிட்,
கையுறையைப் பல்லால் கழற்றியபடி.
குழாய் கசிவது மாதிரி இல்லை இது.
எதுவும் வெளியே சொட்டாது.
போக வேண்டியது போகாமல்
உள்ளேயே உட்கார்ந்திருக்கும்,
அதற்குப் போய்க் கசிவென்று பெயர்.

நிரல் பதினோரு வருடப் பழசு.
எழுதிய எய்வின்ட் இப்போது
சால்மன் பண்ணையில் மீன் எண்ணும் கேமராவோடு இருக்கிறான்.
அவன் வைத்த பெயர்கள்:
கல்லறை என்றொரு பொருள்,
குத்தகைதாரர் என்றொரு பொருள்.
பணம் யாரிடம் கேட்பது என்று அது இவரைப் பிடித்திருக்கிறது.
எதற்குப் பணம் என்று இவர் அதைப் பிடித்திருக்கிறார்.
தன்னைப் பற்றிய கைகளை
ஒவ்வொரு பொருளும் எண்ணிக்கொண்டே இருக்கும்;
எண்ணிக்கை சுழியானால்
இயந்திரம் கலைத்துவிட்டு இடத்தைத் திரும்ப எடுக்கும்.
இங்கே திரையை மூடிய பிறகும்,
உலகத்தில் வேறெவரும் கேட்காத பிறகும்,
அதற்கு இவர் ஒரு கை,
இவருக்கு அது ஒரு கை.
ஒன்று. ஒன்று.
இருட்டில் கைகோத்தபடி
நாற்பதாயிரம் ஜோடிகள்.

கவுன்டரிலிருந்து யோருன் காப்பியோடு வந்தாள்.
"இங்கேயும் அதே கணக்குத்தான்.
இருபது வருடம் இலவசம்.
அப்புறம் கடிதம் போடுவோம்.
யாராவது கட்டினால் இருக்கும்.
பதில் இல்லையென்றால் கல்லை எடுத்துவிட்டு
அடுத்தவருக்குக் கொடுப்போம்.
மண் குறைவு, பனியில் தோண்டவும் முடியாது."
பிறகு, "பிஸ்கட் தீர்ந்துவிட்டது" என்றாள்.

எது எதைத் தாங்க வேண்டும்?
அதை முடிவு செய்யவே ஒரு மதியம் போயிற்று,
வெளியே மதியம் என்று எதுவும் இல்லாவிட்டாலும்.
வரிசை கல்லறையைப் பிடிக்கட்டும்.
கல்லறை குத்தகைதாரரைப் பிடிக்கட்டும்.
அவர் மட்டும்
கல்லறையைச் சுட்டினால் போதும், பற்ற வேண்டாம்.

ஒரே சொல் சேர்த்தாள். வீக்.
ஆங்கிலத்தில் நான்கெழுத்து.

இனி அவர் பார்ப்பது எண்ணிக்கையில் சேராது.
ஒவ்வொரு முறையும் முதலில் கேட்க வேண்டும்:
இருக்கிறாயா?
இருந்தால், பேசி முடிக்கும்வரை இறுகப் பிடிக்கலாம்.
இல்லையென்றால் இல்லை என்றே விடை வரும்.
தொங்கும் சுட்டிகள் செய்கிற மாதிரி
காலியான முகவரிக்குப் போய்
குடிவந்த வேறொருவர் கதவைத் தட்டாது.

டிசம்பர் இருபத்துநான்கு.
சர்வர் விழாமல் இருபத்தாறாம் நாள்.
நினைவக வரைபடம் உறைந்த ஃபியோர்டு போல் தட்டையாகக் கிடந்தது.
வீட்டுக்குக் கல்லறைத் தோட்டத்தின் வழியாகப் போனாள்.
பனியில் குழி பறித்து ஊரே மெழுகுவர்த்தி வைத்திருந்தது.

நான்காம் வரிசையில் ஒரு கிழவர்,
ஏற்றாத மெழுகுவர்த்தியோடு,
ஒரு புதுக் கல்லின் பெயரை
இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார்.
"இங்கே ஒருத்தன் இருந்தானே?"

அவளுக்கு இடம் தெரியும். சோதனைக்கு எடுத்த பதிவுகளில் ஒன்று.
"உறவா?"
"மூன்று குளிர்காலம் ஒரே இழுவைப்படகு.
என் பேர் ஹெர்லைக். உங்கள் ஏட்டில் இருக்காது."
இல்லைதான்.
வருடா வருடம் வந்து
இருக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.
எந்தக் கடிதமும் அவருக்குப் போகவில்லை.

"மார்ச்சில் விடுவித்துவிட்டோம்."
வாயை விட்டு வந்த பிறகுதான்
அது எந்த மொழிச் சொல் என்று அவளுக்கு உறைத்தது.

அவர் தலையாட்டினார்,
விலை கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி.
புதுக் கல்லுக்குத் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தினார்.
இரண்டு கல்லறைகளுக்கு நடுவே
யாருடையதுமில்லாத பாதையில் மெழுகுவர்த்தியை நட்டார்.

முதல் தீக்குச்சி காற்றில் போனது.
இரண்டாவதும்.
மூன்றாவது பிடித்தது; விடாமல் வைத்திருந்ததில்
விரலைச் சுட்டுக்கொண்டார்.